பூட்டுச் சின்னம் – 17: வாசலில் சொல்லும் பெயர்

தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது, அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதையெல்லாம் சென்ற வாரம் பார்த்தாயிற்று. திரும்பச் சொல்லப்போவதில்லை.

ஷேர்டு ஹோஸ்டிங் கணக்கு வைத்திருப்பவர்கள் தங்கள் தளத்தை எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு மாற்றுவது எப்படி என்று இந்த வாரம் படிப்படியாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துவிட வேண்டும். ஒரே சர்வரில், ஒரே ஐ.பி. முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கின்றன. குறியாக்கம் செய்த இணைப்பு ஒன்று அந்த முகவரிக்கு வருகிறது. அது யாரைத் தேடி வந்திருக்கிறது என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

கேட்க எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை கண்டு, அந்த விடை சாதாரண மக்கள் கைக்கு வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். தெருவுக்கு ஒரே கதவு எண், உள்ளே வரிசையாகப் பல குடும்பங்கள். வாடகை குறைவு என்பதால் சிற்றிதழ்கள், சிறு பதிப்பகங்கள், பள்ளியின் பழைய மாணவர் சங்கங்கள், ஊர்க் கோயில் அறக்கட்டளைகள் எல்லாம் குடியேறுவது இங்கேதான். இணையத்தில் தமிழ் வளர்ந்ததில் இந்த மலிவு வாடகைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

பூட்டு, அதாவது குறியாக்கம், இல்லாத காலத்தில் சிக்கல் எதுவும் இல்லை. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, ஒவ்வொரு கோரிக்கையிலும் ‘ஹோஸ்ட்’ என்றொரு வரி இருந்தே ஆக வேண்டும் என்றது. எந்தத் தளத்தைத் தேடி வந்திருக்கிறேன் என்று பிரவுசர் அந்த வரியில் சொல்லிவிடும். சர்வர் அதைப் படித்து உரிய பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். ஒரே முகவரியில் எத்தனை தளங்களையும் வைக்கலாம் என்றாயிற்று. மலிவு ஹோஸ்டிங் தொழில் முழுக்க அந்த ஒரு வரியை நம்பி வளர்ந்தது.

குறியாக்கம் வந்ததும் அந்த வரி பயனற்றுப் போனது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1995ல் வெளியிட்ட எஸ்.எஸ்.எல். முறையில், சர்வர் முதலில் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். பிரவுசர் அதைச் சரிபார்த்து, இருவரும் தங்களுக்குப் பொதுவான ஓர் இரகசியச் சாவியை உருவாக்கிக்கொண்ட பிறகுதான் ‘ஹோஸ்ட்’ வரி, அதுவும் குறியாக்கத்துக்குள் ஒளிந்து, வந்து சேரும். எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று முடிவு செய்யப் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிய வேண்டுமானால் சான்றிதழை முன்பே காட்டியிருக்க வேண்டும். ஆகவே பூட்டு வேண்டும் என்கிற ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐ.பி. முகவரி தேவைப்பட்டது. உலகத்துக்கே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அவற்றின் கடைசிப் பெருந்தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டுவிட்டன.

அந்தக் காலத்தில் ஒரு சிற்றிதழின் தளத்தை நான் கவனித்துவந்தேன். பூட்டு வேண்டும் என்று கேட்டதற்கு ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு பட்டியல் அனுப்பியது: தனி முகவரிக்கு ஆண்டுக் கட்டணம், சான்றிதழுக்கு ஒரு கட்டணம், அதை நிறுவித் தரத் தனிக் கட்டணம். மூன்றும் சேர்ந்து இட வாடகையைத் தாண்டிவிட்டன. பத்திரிகையால் அது இயலவில்லை. சந்தாதாரர்களின் பாஸ்வேர்டுகள் எவரும் வழியில் நின்று படிக்கும்படி வெற்று எழுத்தாகவே போய்வந்தன. வசதி உள்ளவருக்கு மட்டும் பாதுகாப்பு என்கிற அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கிருந்த கோபம் இன்றும் தணியவில்லை.

இதற்கு மாற்றாக ‘ஷேர்டு எஸ்.எஸ்.எல்.’ என்று ஒன்றைக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் சொந்தப் பெயரில் ஒரே ஒரு சான்றிதழ். உங்கள் தளத்தின் பாதுகாப்பான பக்கம் அந்த நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ஓர் அலைக்குறி, உங்கள் பயனர்பெயர் என்று நீளும். முகவரி அவலட்சணமாக இருந்தது பெரிய குறையல்ல. ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. யார் யாருடைய தகவலைத் தொடலாம் என்பதை பிரவுசர் தளத்தின் பெயரை வைத்தே தீர்மானிக்கிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதை அது தனி வீடாக மதிப்பதில்லை. எனவே அந்த ஒரே பெயரின் கீழ் இருந்த அத்தனை பேரும் பிரவுசரின் கண்ணுக்கு ஒரே ஆள். பக்கத்துக் கணக்குக்காரர் எழுதிய ஒரு சிறு நிரல், உங்கள் வாசகரின் குக்கீயைத் தொட்டுவிட முடியும். வெளியே போகும் வழியெல்லாம் பாதுகாப்பு, உள்ளே அடுத்த குடித்தனத்துக்குத் தடுப்பே இல்லை.

உண்மையான விடை 2003 ஜூனில் தாளில் வந்தது. பெயர் ‘சர்வர் நேம் இண்டிகேஷன்’, சுருக்கமாக எஸ்.என்.ஐ. பிரவுசர் பேச்சைத் தொடங்கும் முதல் செய்தியிலேயே, சாவி எதுவும் உருவாவதற்கு முன்பே, தளத்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சர்வர் அதைக் கேட்டு உரிய சான்றிதழை எடுத்து நீட்டும். அவ்வளவுதான். இதற்குப் பிறகு பலவகை நீட்சிகள் எஸ்.எஸ்.எல்.லின் வாரிசான டி.எல்.எஸ். முறையில் சேர்ந்துவிட்டன. அந்தப் பட்டியலில் எஸ்.என்.ஐ.யின் எண் பூஜ்யம்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியில் ஓடவிட்டு, ஏதாவது ஒரு ஷேர்டு ஹோஸ்டிங் தளத்தைத் திறந்து பாருங்கள். ‘கிளையண்ட் ஹலோ’ என்ற முதல் செய்தியைச் சொடுக்கினால் கீழே எண்களும் எழுத்துகளுமாக ஒரு கட்டம் விரியும். பெரும்பாலும் புள்ளிகளும் பொருளற்ற குறிகளும்தான். நடுவில் ஓரிடத்தில் மட்டும் தளத்தின் பெயர் பளிச்சென்று படிக்கக் கிடைக்கும். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் தமிழ்ப் பெயராக இருந்தால் அது எக்ஸ்.என். என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக மாறி நிற்கும். அடுத்தடுத்த செய்திகளில் பக்கத்தின் உள்ளடக்கம் ஓர் எழுத்துகூடப் புலப்படாது.

2003ல் விடை கிடைத்தும் பத்தாண்டுகளுக்கு மேல் அது பரவலாகவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2006லேயே தயார். அப்பாச்சி சர்வர் 2009ல் தயார். விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டும் கடைசிவரை எஸ்.என்.ஐ.யைக் கற்றுக்கொள்ளவில்லை. நம்மூர் பிரவுசிங் சென்டர்களிலும் அலுவலகங்களிலும் அப்போது எங்கே பார்த்தாலும் எக்ஸ்.பி.தான். அதில் திறந்தால் எச்சரிக்கைப் பலகை வரும் என்று தெரிந்தே எந்தத் தள உரிமையாளர் துணிவார்? 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்.பி.க்கான ஆதரவை நிறுத்தியது. அதன் பிறகே பாதை திறந்தது.

அடுத்த ஆண்டே லெட்ஸ் என்க்ரிப்ட் வந்தது. மோஸில்லா, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கூடி உருவாக்கிய லாப நோக்கற்ற அமைப்பு. முதல் சான்றிதழ் 2015 செப்டம்பர் 14 அன்று. டிசம்பர் 3 முதல் யார் கேட்டாலும் இலவசம். அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஆஸ்திரேலியர் பீட்டர் எக்கர்ஸ்லி 2022 செப்டம்பரில் காலமானார். சிறிய தளங்களை நடத்தும் ஒவ்வொருவரும் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர் அது.

இனி, இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்த செய்திக்கு வருகிறேன்.

இலவசம் என்பதால் யார் கேட்டாலும் யாருடைய பெயருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. தளம் உங்களுடையதுதானா என்று லெட்ஸ் என்க்ரிப்ட் சோதிக்கும். எல்லாம் தானியங்கி; மனிதக் கை படுவதில்லை. அப்போதிருந்த சோதனை முறைகளில் ஒன்றின் பெயர் ‘டி.எல்.எஸ்.-எஸ்.என்.ஐ.-01’. அது இப்படி நடக்கும்: லெட்ஸ் என்க்ரிப்ட் ஓர் இரகசியக் குறியைத் தரும். அதிலிருந்து ‘ஆக்மி.இன்வாலிட்’ என்று முடியும் நீளமான ஒரு பொய்ப் பெயரைக் கணக்கிட்டு, அந்தப் பெயருக்கு நீங்களே ஒரு தற்காலிகச் சான்றிதழ் தயாரித்து உங்கள் சர்வரில் வைக்க வேண்டும். பிறகு லெட்ஸ் என்க்ரிப்ட் உங்கள் தளத்தின் ஐ.பி. முகவரிக்கு வந்து, எஸ்.என்.ஐ.யில் அந்தப் பொய்ப் பெயரைச் சொல்லும். சரியான சான்றிதழ் கிடைத்தால் தளம் உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளும்.

தனி வீட்டுக்கு இது குறையில்லாத சோதனை. ஒண்டுக்குடித்தனத்துக்கு?

2018 ஜனவரி 9 அன்று ஸ்வீடன் நாட்டு டிடெக்டிஃபை நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ரோசன் இந்தக் கேள்வியோடு லெட்ஸ் என்க்ரிப்ட்டுக்கு எழுதினார். ஒரே ஐ.பி. முகவரியில் நீங்களும் நானும் குடியிருக்கிறோம் என்று வையுங்கள். நான் உங்கள் தளத்தின் பெயருக்குச் சான்றிதழ் கேட்கிறேன். எனக்கு ஓர் இரகசியக் குறி வருகிறது. அதற்குரிய பொய்ப் பெயர்ச் சான்றிதழை என் சொந்தக் கணக்கில் ஏற்றுகிறேன். பல ஹோஸ்டிங் அமைப்புகள், இந்தப் பெயர் உன்னுடையதா என்று கேட்காமலே எந்தப் பெயருக்கான சான்றிதழையும் ஏற்றிக்கொள்ள விட்டன. லெட்ஸ் என்க்ரிப்ட் உங்கள் தளத்தின் முகவரியைத் தேடி வருகிறது. அது எனக்கும் அதே முகவரி. பொய்ப் பெயரைச் சொல்கிறது. சர்வர் என் கணக்கிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டுகிறது. சோதனை வெற்றி. உங்கள் பெயருக்கான, உலகின் எந்த பிரவுசரும் நம்பும் சான்றிதழ் என் கைக்கு வந்துவிடுகிறது.

ஹெரோகு, அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் ஆகிய இரு இணையச் சேவைகளிலும் இது நடக்கிறது என்று ரோசன் செய்து பார்த்தே நிறுவினார். திருட்டுக்குப் பயன்படுத்தாமல் உடனே தெரிவித்தார். லெட்ஸ் என்க்ரிப்ட் அன்றே அந்தச் சோதனை முறையை நிறுத்தியது. 2019ல் அது முற்றிலுமாக விலக்கப்பட்டது.

கணிதத்தில் ஒரு குறையும் இல்லை. சாவி எதையும் யாரும் உடைக்கவில்லை. எஸ்.என்.ஐ. சொன்னபடி வேலை செய்தது, சர்வரும் கேட்ட பெயருக்கு உரிய சான்றிதழைத்தான் கொடுத்தது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சோதனையை வகுத்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. குடியிருப்பவர் சொல்லும் பெயரை ஹோஸ்டிங் நிறுவனங்கள் விசாரிக்கவில்லை. இந்தத் தொடரில் நான் விடாமல் சொல்லிவருவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை: பூட்டின் வலிமை குறியாக்கத்தில் மட்டும் இல்லை, பெயரை யார் எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்தப் பொறுப்பில் பாதி உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்துடையது. வாடகையை மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

எஸ்.என்.ஐ.யில் பெயர் வெளிப்படையாகப் போவதால் இன்னொரு விளைவும் உண்டு. நடுவில் இருக்கும் இணையச் சேவை நிறுவனம் அதைப் படிக்கலாம், படித்துத் தடுக்கலாம். இந்தியாவில் அப்படித் தடுப்பது நடக்கிறது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெயரையும் சேர்த்து மறைக்கும் புதிய முறை வந்திருக்கிறது. அதற்குத் தனி வாரம் வேண்டும்.

எச்.டி.டி.பி.யில் வருபவரை எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்குத் திருப்புவது, பழைய படங்கள் பூட்டைக் கெடுப்பது, கோப்புகளை ஏற்றச் சாதாரண எஃப்.டி.பி.யைக் கைவிட்டு எஸ்.எஃப்.டி.பி.க்கு மாறுவது ஆகிய, இந்த வாரம் சொல்வதாக இருந்த மூன்று படிகளையும் அடுத்த வாரம் முழுமையாக எழுதுகிறேன். அதற்குள் வாசகர்கள் ஒரு வேலை செய்துவையுங்கள். உங்கள் ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சி-பேனலுக்குள் போய், எஸ்.எஸ்.எல். நிலையைக் காட்டும் பக்கத்தில் சான்றிதழ் முடியும் தேதியைப் பாருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழுக்கு வழக்கமான ஆயுள் 90 நாள். தேதி நெருங்குகிறது என்று நினைவூட்டி அவர்கள் அனுப்பிவந்த மின்னஞ்சல்கள் 2025 ஜூனோடு நின்றுவிட்டன. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளும் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாகிவிடும். புதுப்பித்தல் தானாக நடக்கிறதா என்று உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். ஆம் என்றால் நல்லது. சாதாரணச் சான்றிதழுக்கே தனிக் கட்டணம் என்று இன்றும் சொன்னால், இடத்தை மாற்றிவிடுங்கள்.

(தொடரும்)