பாட்டியின் போனில் உங்கள் வெப்சைட் எப்படித் தெரியும்?

பெங்களூரில் பெரிய மானிட்டர் முன்னால் உட்கார்ந்து நீங்கள் ஒரு விண்ணப்பப் பக்கத்தை வடிவமைக்கிறீர்கள். சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பத்தில் இருக்கும் உங்கள் பாட்டி அதைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஆண்ட்ராய்டு போன். கண் சரியாகத் தெரியாததால் எழுத்தை நல்லா பெருசாக்கி வெச்சிருக்காங்க. ‘சமர்ப்பிக்கவும்’ பட்டன் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. இப்போ என்ன செய்வாங்க? பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு போனைக் கொடுத்து, ஓடிபி-யையும் அவனிடமே சொல்வார்கள்.

திரைக்கு ஏற்ப பக்கம் தானாக மாறும் வடிவமைப்புக்கு ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்று பெயர். அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் 2010 மே மாதம் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர் அது. அகலத்தை பிக்சலில் பூட்டாமல் சதவீதத்தில் சொல்வது, படங்களைச் சுருங்க விடுவது, திரையின் அளவைப் பார்த்து அமைப்பை மாற்றும் மீடியா குவெரி, இவ்வளவுதான் அதன் அடிப்படை.

ஆனால், இது திரையைத்தான் பார்க்கிறது. படிப்பவரை? அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு, எழுத்தளவை பிக்சலில் எழுதினால், கம்ப்யூட்டரில் ஒருவர் ப்ரவுசர் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் அது அசையாது. ‘ரெம்’ அலகில் எழுதினால் கூடவே வளரும். விரல்களால் ஜூம் செய்வதைத் தடுக்கும் அந்த ஒரு வரி கோடு இருக்கிறதே, அதை தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

தமிழுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ ஆறே எழுத்து. ‘சமர்ப்பிக்கவும்’ அந்த இடத்தில் அடங்காது. ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த பட்டனில் தமிழைத் திணித்தால் கிழியத்தான் செய்யும். பட்டனின் அகலத்தைச் சொல்லே தீர்மானிக்கட்டும். மேலே கொம்பு, கீழே வளைவு உள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்காதபடி வரி இடைவெளியையும் கூட்டுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை ஹெச்டிஎம்எல்-லில் குறிப்பிடுவதும் முக்கியம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள், அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

இதெல்லாம் சலுகையா? இல்லை. கண் சிமிட்டச் சொல்லும் இ-கேஒய்சி முறையால் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தவித்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திர அரசு ‘மன மித்ரா’ என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்அப்பில் தொடங்கியது. பாட்டிக்குப் பழகின ஆப், எழுத்து தானாக மடிந்து அடுத்த வரிக்குப் போகும். நல்ல யோசனைதான். அதற்காக வெப்சைட்டை அப்படியே விட்டுவிட முடியாது.

உங்கள் பக்கம் தேறுமா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். 1280 பிக்சல் அகல ப்ரவுசர் விண்டோவில் 400% ஜூம் செய்யுங்கள். அது 320 பிக்சல் திரைக்குச் சமம். படிப்பதற்குப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருந்தால், டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச அணுகல் தரத்தில் உங்கள் பக்கம் ஃபெயில்.