கூடாரத்துக்குள் அடுப்பு!

பனிமலை வேட்டைக்காரர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

அக்டோபர் மாதம். அமெரிக்காவின் ராக்கி மலை. உயரம் 9,000 அடி.

சூரியன் மறைந்துவிட்டது. பனி கொட்டுகிறது. விடியற்காலை முதல் காட்டில் அலைந்த வேட்டைக்காரர் திரும்பி வருகிறார். காலுறை நனைந்திருக்கிறது. சட்டை வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. விரல்கள் விறைத்துவிட்டதால் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக்கூட முடியவில்லை.

கூடாரத்துக்குள் நுழைகிறார். அங்கே ஒரு சிறு விறகு அடுப்பு! அதன் புகைக்குழாய் கூரை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சிறிது நேரத்தில் காப்பி கொதிக்கிறது. காலுறை காய்கிறது. போன உயிர் திரும்பி வருகிறது.

துணி வீட்டுக்குள் தீயா? நமக்குப் பகீர் என்கிறது. ஆனால் அங்கே இதற்கென்றே கூடாரம் செய்து விற்கிறார்கள். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டைக்குத் தடை போட்டுவிட்டது. அங்கோ உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு, குறித்த பருவத்தில் வேட்டைக்குப் போகலாம். அவர்கள் தேடிப் போவது 'எல்க்' என்னும் மான். நம் கடமானுக்கு உறவு. நன்கு வளர்ந்த ஆண் மான் 300 கிலோ இருக்கும்!

பணம் கிடைக்காத அதிகாரி

இந்தக் கூடாரத்துக்கு ஒரு பழைய கதை உண்டு.

அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் கூம்பு வடிவக் கூடாரத்தில், நடுவே தீ மூட்டி வாழ்ந்தவர்கள். அதே வடிவத்தில் ராணுவத்துக்கு ஒரு கூடாரம் செய்தார் ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி என்ற அதிகாரி. 1856-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதற்கேற்ற அடுப்பும் அவர் பெயராலேயே வழங்கியது. அது தகரக் கூம்பு. அதற்கு அடித்தகடே கிடையாது. அப்படியே தரையில் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான்!

கூடாரம் ஒன்றுக்கு 5 டாலர் அவருக்குப் பங்கு. 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. சிப்லி தென் மாநிலங்களின் பக்கம் போய்விட்டார். வட அரசோ ஏறத்தாழ 44,000 கூடாரங்களைச் செய்து பயன்படுத்தியது. பங்குப் பணத்தை மட்டும் கொடுக்கவில்லை!

சுமப்பது யார்?

இன்று கடையில் இரண்டு வகைக் கூடாரங்கள் இருக்கின்றன.

ஒன்று, வீடு போல் நான்கு சுவர் வைத்த கித்தான் கூடாரம். நிமிர்ந்து நடக்கலாம், கட்டில் போடலாம். பருத்திக் கித்தானில் ஈரக்காற்று ஊடுருவி வெளியேறும். ஆகவே உள்ளே நீர் கோத்துச் சொட்டுவது குறைவு. தீப்பொறி விழுந்தாலும் சட்டென்று உருகாது. ஆனால் கனம்! 12 அடிக்கு 14 அடிக் கூடாரம், அதன் கம்பிகள், இரும்பு அடுப்பு எல்லாம் சேர்ந்தால் 50 கிலோவைத் தாண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து வீணாகும்.

மற்றொன்று, நைலான் கூடாரம். நடுவே ஒரே கம்பு. தரை விரிப்பு கிடையாது. நாலு பேர் படுக்கும் கூடாரம் 2, 3 கிலோதான். டைட்டானியத் தகட்டு அடுப்பும் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். தட்டையாக மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நைலான் நெருப்புக்கு ஆகாது. ஒரு பொறி பட்டால் ஓர் ஓட்டை. உள்பக்கம் நீர்த்துளி கோக்கும். சிறு அடுப்பில் ஒரு தடவை போட்ட விறகு ஒரு மணி நேரம் எரிந்தாலே அதிகம். அணைந்ததும் கூடாரம் குளிர்ந்துவிடும்.

எதை வாங்குவது? விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். சுமப்பது யார்? மோட்டார் வண்டியோ கோவேறு கழுதையோ கொண்டுபோனால் கித்தான். சொந்த முதுகு என்றால் நைலான். இதில் ஆசைக்கு இடமில்லை. மானை வீழ்த்திய பிறகு இறைச்சியையும் அதே முதுகுதானே சுமக்க வேண்டும்?

எதுவானாலும், குழாய் வெளியேறும் இடத்தில் தீப்பிடிக்காத கண்ணாடி இழைத் துணி தைத்திருக்க வேண்டும். சாதாரணக் கூடாரத்தில் நாமே ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்பது வம்பு.

ஓசையில்லாத எமன்

தீயை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதுதான் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. பிராண வாயுவை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலிக்கும், குமட்டும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். இதுவும் அதே வாயுதான்.

கூடாரத்தில் இது எப்படி வருகிறது? விறகு விடியும்வரை நிற்கட்டும் என்று அடுப்பின் காற்று வழியை அடைத்துவிடுவார்கள். தீ கொழுந்து விடாமல் கனன்று புகையும். குழாயின் தலையில் பொறி தடுக்கும் வலை உண்டு. அதில் கரி அடைத்துக்கொள்ளும். வெளியே பனி குவிந்து, கூடாரத்தின் அடி இடைவெளியை மூடிவிடும். புகை போக வழியில்லை. காற்று வர வழியில்லை.

ஆகவே கூடாரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு காற்று வழிகள் வேண்டும். குளிர்கிறதே என்று அவற்றை மூடக்கூடாது. மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கை மணி உள்ளங்கை அளவில் கிடைக்கிறது. அதைத் தலைமாட்டில் வைக்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், அந்த அடுப்பு உடை உலர்த்தவும் சமைக்கவும்தான். தூங்குவதற்கு அன்று! அடுப்பே இல்லை என்று எண்ணி, அந்த மலைக் குளிரைத் தாங்கும் படுக்கைப் பையை வாங்க வேண்டும். படுக்கும்போது தீயை முழுவதும் அணைத்துவிடலாம்.

வாங்கியதும் நேரே மலைக்குப் புறப்படக்கூடாது. டைட்டானியக் குழாய் காகிதம் போல் சுருட்டும் தகடு. அதன் விளிம்பு கையை அறுக்கும். கையுறை போட்டு, பகல் வெளிச்சத்தில், வீட்டு முற்றத்தில் ஒரு முறை சுருட்டிப் பழக வேண்டும். இரும்பு அடுப்பானால் முதல் தீயில் வர்ணம் கருகி நாறும். அந்த முதல் தீயை வெட்டவெளியில் மூட்டிவிட வேண்டும்.