நம் பக்கம் திரும்பிய விளக்கு

மாணவர்களே, ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலையில் இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு நம்மை நோக்கித் திரும்பினால் கண் கூசும், அல்லவா? பிளேசரும் அப்படித்தான். தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள மாபெரும் கருந்துளை, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பீய்ச்சும் தாரை நம்மை நோக்கியிருந்தால் அது பிளேசர். தாரையில் அதிர்வலை பாய்ந்தால் எலெக்ட்ரான்கள் ஆற்றல் பெறும். ஒளி கூடும், பெரும்பாலும் நீலச் சாயலும் கூடும்.

கடக ராசியில் உள்ள ஓஜே 287 ஏறத்தாழ 12 ஆண்டுக்கொரு முறை பளிச்சிடுகிறது. இரண்டாவது கருந்துளை ஒன்று பெரியதன் வாயுத் தட்டைத் துளைத்துச் செல்வதால் என்கிறார்கள் சிலர். மும்பை டாட்டா ஆய்வு நிலையத்தினரும் இருந்த குழு இப்படிக் கணித்த ஒரு வெடிப்பை, 2019 ஜூலை 31இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி பார்த்தது; பிசகு நான்கு மணி நேரத்துக்குள்தான்!

ஆனால் 2022 அக்டோபரில் எதிர்பார்த்த வெடிப்பைக் காணவில்லை என்றது வேறொரு குழு. பெரிய கருந்துளையின் நிறை 1,800 கோடி சூரியன்கள் அல்ல, 10 கோடிதான் என்றும் சொன்னது. வழக்கு இன்னும் முடியவில்லை.