முற்றத்து இருக்கையும் சங்கத்தின் கடமையும்

கூலி நாளிலும் கொள்முதல் நாளிலும் சங்கத்தின் முற்றத்தில் அங்கத்தினர்கள் நெடுநேரம் காத்திருப்பது வழக்கம். அவ்வேளைகளில் சிலர் தூணைப் பற்றிக்கொண்டு நின்றவண்ணமே இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். இடமில்லாமல் அல்ல, இருக்கும் திண்ணையில் ஏறி அமர அவர்களால் இயலாமையே காரணம். நாளடைவில் அவர்கள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள், மகாசபைக்கும் வருவதில்லை. ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் உயிர்நாடி. அவ்வாக்கு ஒரு திண்ணையின் உயரத்தால் பறிபோகுமாயின், அதை வெறும் கட்டடப் பிழை என்று விட்டுவிடலாகாது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நமது நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொது இடங்கள் அவர்கள் அணுகத்தக்கவையாக அமைய வேண்டுமென வற்புறுத்துகிறது. அவர்களுக்கென அமைக்கும் இருக்கை, குழித்தறியில் பல்லாண்டு உழைத்து முழங்கால் நொந்தவருக்கும் உதவும்.

இருக்கையின் உயரம் 17 அங்குலத்துக்குக் குறையாமலும் 19 அங்குலத்துக்கு மிகாமலும் இருத்தல் நலம். அதனினும் தாழ்ந்தால் எழுவது கடினம்; உயர்ந்தால் பாதம் தரையில் படியாது. சக்கர நாற்காலியின் இருக்கையும் ஏறத்தாழ இவ்வுயரமே ஆதலால், அதிலிருந்து நகர்ந்து அமரவும் எளிது. முதுகுக்குச் சாய்மானமும், ஊன்றி எழக் கைப்பிடியும் அவசியம். ஆனால் ஒரு பக்கம் கைப்பிடியின்றித் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் சக்கர நாற்காலியிலிருந்து மாறி அமர வழியில்லை. எழும்போது நாம் பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோம். ஆகவே இருக்கையின் அடிப்புறத்தை முழுச் சுவராக அடைத்துவிடாமல் குதிகால் புகுமளவு உள்வாங்கிக் கட்டுதல் வேண்டும்.

சக்கர நாற்காலியிலேயே இருக்க விரும்புவோருக்கு, வரிசையின் அருகில் இரண்டரை அடி அகலமும் நான்கு அடி நீளமும் உள்ள சமதளம் விட வேண்டும். அது மற்றவர்களோடு சேர்ந்து அமரும் இடமாக இருக்கட்டும். தனியே ஒதுக்கப்பட்ட மூலையாக வேண்டாம். அங்கு வரும் பாதை மூன்று அடிக்குக் குறையாத அகலமும், மணலோ சரளையோ இல்லாத கெட்டித் தரையும் உடையதாக இருத்தல் வேண்டும். ஓர் அடி உயரம் ஏறவேண்டுமாயின் சாய்தளத்தின் நீளம் பன்னிரண்டு அடியாவது இருக்க வேண்டும்.

வெயிலைப் பற்றியும் எண்ண வேண்டும். கருங்கல்லும் இரும்பும் நண்பகலில் கொதிக்கும். காலில் உணர்ச்சியற்றவர் அச்சூட்டை அறியாமலே புண்பட நேரிடும். மரப்பலகையும் வேப்பமர நிழலும் ஏற்றவை. ஆயினும் வேர் தரையைப் பெயர்க்காதபடி மரத்தைவிட்டுத் தள்ளி அமைப்பதும், தலையில் இடிக்கும் கிளைகளைக் கழிப்பதும் கடமை. தாழ்ந்த கிளையைப் பார்வையற்றவரின் கைத்தடி காட்டிக்கொடுக்காது. இருக்கை நடைபாதையை மறிக்காமலும், அதன் விளிம்பு தரையினின்று வேறுபட்ட நிறத்திலும் இருக்கட்டும்.

அமைத்ததோடு வேலை முடிந்துவிடாது. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் வருவோர் கடலருகே செல்ல 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. மறுமாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமுற்றுப் பின்னர் செப்பனிடப்பட்டது. பராமரிப்பு இல்லாத வசதி நெடுநாள் நில்லாது என்பதற்கு இதுவே சான்று.

பழைய திண்ணையை இடிக்க வேண்டியதில்லை; அதன் பக்கத்தில் புதிய இருக்கை ஒன்று அமைத்தால் போதும். கட்டுமுன் செங்கல் அடுக்கிப் பலகையிட்டு, அதைப் பயன்படுத்தப்போகும் அங்கத்தினரையே அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த அளவுகோலையும்விட அவர் சொல்லே சரியான அளவு. அடுத்த மகாசபையில் அவர் தாமே வந்து அமர்ந்து, தம் வாக்கைத் தாமே அளிக்கும் நிலையை நாம் உண்டாக்குவோமாக.