தன் வீடும் அவன் வீடும்

வட கனடாவின் பனிநிலத்தில் வாழும் இனுவிற் மக்களின் தாய்மொழி இனுக்ரிற்றுற். ‘இது இவனுடையது’ என்னும் கிழமைப் பொருளை அம்மொழி உணர்த்துமாற்றை அறியப் புகுந்த எனக்கு முதற் பாடமே வியப்பளித்தது. பாபின் தீவின் தென்பகுதிப் பேச்சில் வீட்டுக்குப் பெயர் ‘இல்லு’. நம் ‘இல்’ அங்குச் சென்றதோ என மயங்கற்க. ஒலியொப்புமை தற்செயலானது, மொழியுறவு இல்லை. கருதத்தக்க ஒப்புமை வேறிடத்தே உளது.

என் வீடு, உன் வீடு எனத் தமிழில் உடையவனைச் சுட்டும் சொல் முன்னே தனித்து நிற்கும். இனுக்ரிற்றுற்றிலோ அஃது உடைமைப்பெயரின் ஈற்றில் விகுதியாய் ஒன்றிவிடும். ‘இல்லுக’ என் வீடு. ‘இல்லுயிற்’ உன் வீடு. ‘இல்லுங’ அவன் வீடு. அவன், அவள் என்னும் பால்வேறுபாடு இல்லை. எண்ணோ ஒருமை, இருமை, பன்மை என மூன்று. ஆதலின் ‘இல்லுவுக்’ நம் இருவர் வீடு. ‘இல்லுவுற்’ நம் பலர் வீடு. 1999 ஏப்ரல் 1ஆம் நாள் கனடாவில் தோன்றிய ‘நுனவுற்’ ஆட்சிப்பகுதியின் பெயரை இனி நீங்களே பிரித்தறியலாம். ‘நுன’ என்பது நிலம். ‘வுற்’ என்பது நம்முடைய. நம் நிலம்! ஒரு மக்களின் உரிமைக்குரல் ஒரு விகுதியில் அடங்கிற்று.

உடையவனைப் பெயரிட்டுக் கூறின் இரு சொல்லும் குறி பெறும். ஜானி என்பவனது வீடு ‘ஜானியுப் இல்லுங’. ‘உப்’ நம் ஆறாம் வேற்றுமையுருபு போன்றது. ‘ங’ அவனது என்னும் விகுதி.

கற்கத் தொடங்குவோர் இடறும் இடம் ஒன்றுண்டு. ஜானி கண்டது பிறனொருவன் வீடாயின் ‘இல்லுங’; தன் வீடேயாயின் ‘இல்லுனி’. ஆங்கிலம் இரண்டிற்கும் ஒரு சொல்லையே வழங்கும். தமிழர்க்கோ இடரில்லை, ‘அவன்’ வேறு, ‘தன்’ வேறு.

இடரில்லை என்றா கூறினேன்? சென்ற வாரம் என் மாணாக்கன் ஒருவன், “கந்தன் அவனுடைய வீட்டுக்குச் சென்றான்” என எழுதியிருந்தான். “எவனுடைய வீட்டுக்கு?” என வினவினேன். “கந்தனுடைய வீட்டுக்குத்தான், ஐயா” என்றான். ‘தன்’ என்னும் ஒரு சொல்லை இட்டிருந்தால் என் வினாவுக்கு இடமே இராது. ஆங்கில வாக்கியத்தின் நிழல் அச்சொல்லை மறைத்துவிட்டது.

உடையவனைப் பெயரோடு பிணைத்தலும் நமக்குப் புதிதன்று. எந்தை, நுந்தை, தந்தை; யாய், ஞாய், தாய் என்பன முறையே என், உன், அவன் என்னும் கிழமையை உள்ளடக்கிய பழஞ்சொற்கள். இன்று ‘என் தந்தை’ என்கின்றோம். தந்தையுள் நிற்கும் ‘தன்’னை மறந்தோம்.

பிறர் மொழியைக் கற்பது பிறரை அறிதற்கு மட்டுமன்று. தன் வீட்டை ‘அவன் வீடு’ என்னாமல், தன் வீடென்றே சொல்லக் கற்றற்கும் ஆம்.