எழுபத்தோராவது நிமிடம்

சித்தப்பா கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது 1994-ல். மேலூரில் ஒரு மண்டபம், முகத்தில் சுள்ளென்று அடிக்கும் ஹாலஜன் விளக்கு, அதற்குப் பின்னால் தோளில் கேமராவோடு ஒருவர். மூன்று மணி நேரக் கேசட். முப்பது வருடமாக பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் கிடந்ததை, போன கோடையில் எடுத்து என்னிடம் கொடுத்தார் சித்தப்பா.

"தாலி கட்டுறதெல்லாம் போட்டோவுலயே இருக்குடா. கடைசில தாம்பூலம் குடுக்குற எடத்துல உங்க அப்பத்தா வரும். அது நடந்து வர்றத வேற எதுலயும் புடிக்கல. அது விட்டுப்போகாம பாத்துக்க."

தெரிந்த ஸ்டூடியோக்காரர் பரணிலிருந்து ஒரு டெக்கை இறக்கிக் கொடுத்தார். டெக்கின் மூன்று ஒயர்களையும் ஒரு சின்னக் கேப்சர் கருவியில் செருகி, அதை லேப்டாப்பில் மாட்டி, டிவியில் அப்படியே போட்டுப் பார்க்க வசதியாக 32 ஜிபி பென் டிரைவிலேயே நேராகப் பதியும்படி வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது டெக் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு நின்றிருந்தது. திரையில், இடம் நிறைந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு. பென் டிரைவைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் காலி.

அக்கா மகன் என்ஜினியரிங் படிக்கிறான். "வைரஸா இருக்கும் மாமா" என்றான். மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினான். ஒயரை மாற்றினோம். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நான் செய்த ஒரே உருப்படியான காரியம், எந்த நிமிடத்தில் நிற்கிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்ததுதான். 71 நிமிடம். முந்தைய இரண்டு கோப்புகளின் நீளத்தைப் பார்த்தேன். அவையும் 71 நிமிடம்.

வைரஸுக்கும் ஆடுகிற ஒயருக்கும் இவ்வளவு நேரந்தவறாமை கிடையாது. மூன்று தடவையும் ஒரே நிமிடத்தில் நிற்கிறதென்றால் அதற்குள் ஏதோ ஒரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு இதுதான். கடையில் வாங்கும் 32 ஜிபி வரையிலான பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறையில்தான் ஃபார்மேட் செய்யப்பட்டு வருகின்றன. இது 1996-ல் விண்டோஸ் 95-இன் திருத்தப்பட்ட பதிப்போடு வந்த முறை. ஒவ்வொரு கோப்பும் எவ்வளவு பெரியது என்று எழுதிவைக்க அதில் ஒதுக்கப்பட்ட இடம் 4 பைட், அதாவது 32 பிட். அந்த இடத்துக்குள் எழுத முடிகிற ஆகப்பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் எழுத இலக்கம் இல்லை. பழைய ஸ்கூட்டரின் மீட்டரில் 99,999-க்கு மேல் காட்ட இடம் இல்லாததைப் போல. என் மென்பொருள் ஒலியும் ஒளியும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 10 லட்சம் பைட் எழுதிக்கொண்டிருந்தது. வகுத்துப் பாருங்கள்: 4,294 விநாடி. 71 நிமிடம் 34 விநாடி.

பென் டிரைவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. 1996-ல் புதுக் கணினிகளின் ஹார்டு டிஸ்க்கே ஒன்றிரண்டு ஜிபிதான். ஒற்றைக் கோப்பு நாலு ஜிபியைத் தாண்டும் என்று அன்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இதற்கு மாற்றாக மைக்ரோசாஃப்ட் 2006-ல் எக்ஸ்ஃபேட் முறையைக் கொண்டுவந்தது. பென் டிரைவை அதற்கு மாற்ற ஒரு நிமிடம் போதும். மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய டிவிகளுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஸ்டூடியோக்காரரிடம் போனில் சொன்னபோது சிரித்தார். "எங்களுக்கு இது பழகிப்போச்சுண்ணே. ஒரே முகூர்த்தம் கார்டுல நாலஞ்சு துண்டா வரும்." 2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2, ஸ்டில் கேமராவிலேயே வீடியோ எடுக்கலாம் என்று கல்யாண வீடியோக்காரர்களை மயக்கியது. முழுத் தரத்தில் 12 நிமிடம் எடுத்தால் 4 ஜிபி ஆகி நின்றுவிடும். அடுத்து வந்த பல கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றன. அதற்குக் காரணம் தொழில்நுட்பமே இல்லை. 30 நிமிடமும் அதற்கு மேலும் பதியக்கூடிய கேமராவை ஐரோப்பிய சுங்கத்துறை வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் வரி போட்டது. வரியைத் தவிர்க்கக் கம்பெனிகள் ஒரு விநாடியைக் குறைத்தன. பிரஸ்ஸல்ஸில் எழுதிய ஒரு விதிக்காக மேலூர் மண்டபத்தில் கெட்டிமேளம் பாதியில் நின்றிருக்கிறது.

நம் கதைக்கு வருவோம். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றியதும் பதிவு 71-ஐத் தாண்டியது. 1 மணி 48 நிமிடத்தில் நின்றது. டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, 1.30-லிருந்து பதிவை ஆரம்பித்தேன். இப்போது 18-ஆவது நிமிடத்தில் நின்றது. எண் மாறிவிட்டது, ஆனால் இரண்டு தடவையும் திரையில் கடைசியாகத் தெரிந்த காட்சி ஒன்றுதான்: சித்தப்பா தாலியைக் கையில் எடுக்கிறார். கணினி மேல் குற்றமில்லை, நோய் டேப்பில் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

ஏன் அந்த இடம்? விஎச்எஸ் டேப் நம் நாட்டு முறையில் விநாடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகரும். இந்த மெதுவான ஓட்டத்தில் படத்தை எழுத முடியாது. அதனால் காந்தத் தலைகளை ஓர் உருளையில் பதித்து, அந்த உருளையை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல விட்டார்கள். டேப்பின் மேல் தலை உரசும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 4.8 மீட்டர். 'பாஸ்' பொத்தானை அழுத்தினால் டேப் நிற்கும், உருளை நிற்காது. அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். தாலி கட்டும் இடத்தில் எத்தனை பேர், எத்தனை தடவை பாஸ் போட்டிருப்பார்கள்! வீட்டில் எல்லோருக்கும் பிடித்த காட்சிதான் டேப்பில் ஆகத் தேய்ந்த காட்சி.

தேய்ந்த இடத்தில் டெக் வெறும் இரைச்சலைத்தான் படிக்கிறது. டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும், படம் நெளியும், அவ்வளவுதான். கேப்சர் கருவி பொறுக்காது. சினிமா கேசட்டுகளைக் காப்பி எடுக்காமல் தடுக்க 1980-களில் மேக்ரோவிஷன் என்ற உத்தி வந்தது. படம் தெரியாத ஓரக் கோடுகளில் சில போலித் துடிப்புகளை நுழைத்துவிடுவார்கள். அந்தத் துடிப்பைக் கண்டால் பதிய மறுக்கும்படியே பல கருவிகள் செய்யப்பட்டிருக்கின்றன. டேப்பின் தேய்மானத்தையும் அவை சில நேரம் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். சொந்தக் கல்யாணக் கேசட்டைத் திருட்டு வீடியோ என்று சந்தேகித்திருக்கிறது என் கருவி.

இதற்கு மருந்து, டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் குலைந்த துடிப்புகளைச் சீராக்கி அனுப்பும் கருவி ஒன்றை வைப்பது. டைம் பேஸ் கரெக்டர் என்பார்கள், விலை அதிகம். பழைய டிவிடி ரெக்கார்டர்கள் சிலவற்றுக்குள் அந்த வேலையைச் செய்யும் சுற்று இருக்கிறது. ஸ்டூடியோக்காரரிடம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதன் வழியாக விட்டதும் தாலி ஏறியது. படம் கொஞ்சம் நெளிந்தது, பரவாயில்லை.

அதன்பின் நின்றதற்குக் கணக்கும் இல்லை, காட்சியும் இல்லை. முதலில் 50 நிமிடம், அடுத்து 30, அதற்கடுத்து 20. இப்படி ஒவ்வொரு தடவையும் சீக்கிரமாக நின்றால் லேப்டாப்பைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயில், மச்சு வீடு, லேப்டாப் மெத்தையின் மேல். வீடியோவில் விநாடிக்கு 25 படம், அதாவது 40 மில்லி விநாடிக்கு ஒரு படம் வந்துகொண்டே இருக்கும். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வருகிற படங்கள் தற்காலிகமாகத் தேங்க நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. அது நம்மூர்க் கண்மாய் மாதிரி. வரத்து அதே அளவில் வர, மடை மட்டும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கலுங்கு ஏறிப் போகும். படங்கள் விடுபடும், கடைசியில் மென்பொருள் கையை விரித்துவிடும். பென் டிரைவ் மெதுவாக எழுதினாலும் இதே கதைதான். மெத்தையிலிருந்து மரப்பலகைக்கு மாற்றி, ஃபேனைத் திருப்பி, பென் டிரைவுக்குப் பதில் லேப்டாப்பின் உள் டிஸ்கில் பதிந்தோம். சரியானது.

வெயில் நம் பக்கத்துப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரல் 27-ல் ஊட்டியில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் வைத்திருந்த அறைகளின் கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் சுமார் 20 நிமிடம் திரையிலிருந்து மறைந்தன. அதிக வெப்பமே காரணம் என்று அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள். ஊட்டியில் வெப்பமா என்று பலர் சிரித்தார்கள். அதே நாட்களில்தான் அங்கே 29 டிகிரி பதிவாகி, 1951-க்குப் பிந்தைய உச்சம் என்று செய்தி வந்தது.

கரண்ட் போய் நிற்பதுதான் ஆகக் கொடுமை, ஏனென்றால் அதுவரை பதிந்ததும் போய்விடும். எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, வழக்கமாகப் பதிவு முடிந்த பிறகுதான் எழுதப்படும். மொய்ப் பணத்தை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, யார் எவ்வளவு என்பதை மனசுக்குள் வைத்திருந்து ராத்திரி நோட்டில் எழுதும் ஆள் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதும் முன் அவர் மயங்கி விழுந்தால் பணம் பையில் இருக்கும், கணக்கு இருக்காது. எம்கேவி அப்போதைக்கப்போது நோட்டில் எழுதுகிற ஆள். கரண்ட் போனாலும் போன நிமிடம் வரை கிடைக்கும். ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருள்களில் எம்கேவியாகப் பதிந்து பிறகு எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. மேலூரில் இருந்துகொண்டு நேராக எம்பி4-ல் பதிவதை நான் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.

15, 30 என்று முழு எண்ணில் நின்றால், யாரும் கீபோர்டைத் தொடவில்லை என்று லேப்டாப் தூங்கப் போயிருக்கிறது. பவர் செட்டிங்கில் அதை நிறுத்திவிடலாம்.

செட்டிங் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மேலூர் சாலையில் மதுரைக்குப் போகிறவர்கள் உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளையைப் பார்த்திருப்பீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கை அந்தக் கிளை தானாக முன்வந்து எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கொடுத்த அறிக்கையில், காவல் நிலையத்துக் கேமராக் கருவியில் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் செய்யப்பட்டிருந்தது என்று இருந்தது. விநாடிக்கு 2 மெகாபிட் எழுதும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது 21.6 ஜிபி. 1 டெராபைட்டில் ஒரு கேமராவுக்கு 46 நாள் வரும், நாலு கேமரா என்றாலும் 11 நாள் வரும். ஒரு நாளில் அழிய வேண்டிய அவசியத்தை எந்தக் கணக்காலும் காட்ட முடியாது. அதே ஆண்டு டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று வேறொரு வழக்கில் உத்தரவிட்டது. நின்றதா, நிறுத்தப்பட்டதா என்ற கேள்விக்கும் எண்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

நாசாவுக்கும் டேப் தலைவலி வந்திருக்கிறது. வியாழனை நெருங்கிக்கொண்டிருந்த கலிலியோ விண்கலத்தின் டேப் ரெக்கார்டர் 1995 அக்டோபரில், பின்னோக்கிச் சுற்றும் நிலையில் 15 மணி நேரம் சிக்கிக்கொண்டது. பெரிய ஆன்டெனா விரியாமல் போனதால் எல்லாவற்றையும் டேப்பில் பதிந்து மெதுவாக அனுப்புவதே திட்டம். டேப் அறுந்திருக்கவில்லை என்று தெரிந்ததும், நலிந்திருக்கக்கூடிய பகுதியின் மேல் கூடுதலாகச் சில சுற்றுகளைச் சுற்றி மூடிவிட்டு, மீதி டேப்பை வைத்தே ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார்கள். கெட்ட இடம் எது என்று தெரிந்துவிட்டால் மீதியைக் காப்பாற்றலாம்.

எங்கள் கேசட்டும் அப்படித்தான் முடிந்தது. மூன்று துண்டாகப் பதிந்து ஒட்டினோம். அப்பத்தா வருவது கடைசிக்கு நாலு நிமிடம் முன்னால். வெற்றிலைத் தட்டோடு வந்து, விளக்கு வெளிச்சம் பட்டதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வேகமாகப் போய்விடுகிறார். ஆறு விநாடி.

உலகில் கடைசியாக வீடியோ டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகளும் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. உங்கள் பீரோவிலும் ஒரு கேசட் கிடந்தால் இந்த வருடமே இறக்குங்கள். பதியும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். நின்றால், எதையும் தொடுவதற்கு முன், எந்த நிமிடம் என்று எழுதிவிடுங்கள். சரிசெய்யப் போகிற கடையில் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.