சீஸ் கேக் ஓடரும் டிசைன் கூலியும்

கேக்கைக் கிலோக் கணக்கில் விற்றுப் பழகியவர்கள் நாம். பட்டர் கேக் கிலோ இவ்வளவு, ரிப்பன் கேக் கிலோ இவ்வளவு, ஐசிங் போட்டால் அதற்கு மேல் இவ்வளவு என்று சொல்லி ஓடர் எழுதிவிடுவோம். இப்போது நிச்சயதார்த்தம், வலீமா, பிள்ளைக்குப் பெயர் வைத்தல் என்று எந்த வைபவமாக இருந்தாலும் சீஸ் கேக் கேட்கின்றார்கள். அதுவும் வெறும் கேக் அல்ல. மணமக்களின் பெயர், பிறை, மருதாணிக் கோலம், பிள்ளைக்குப் பிடித்த பொம்மை என்று ஏதாவது ஒரு டிசைன் அதில் இருக்க வேண்டும். பேக்கரிச் சாமான் வியாபாரம் செய்பவன் என்பதனால், இந்த ஓடர்களை எடுக்கும் சிறு பேக்கரி முதலாளிமாரையும், வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரிகளையும், அவர்களுக்காகச் சாமான் வாங்க வரும் கணவன்மாரையும் நாளாந்தம் சந்திக்கின்றேன். கைவேலையில் இவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் டிசைனைச் செய்யும் முறையிலும் அதற்கு விலை போடும் முறையிலும் பலர் நட்டப்படுகின்றார்கள்.

முதலில் சரக்கை விளங்கிக்கொள்வோம். சீஸ் கேக் என்பது பெயரில்தான் கேக். மாவும் சீனியும் பட்டரும் சேர்ந்து பொங்கி வரும் கேக்கைப் போன்றதல்ல. முட்டை சேர்த்து இறுக வைப்பதனால் அது எமது வட்டலாப்பத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம். 9 அங்குல கேக் ஒன்றுக்கு ஏறத்தாழ 900 கிராம் கிரீம் சீஸும் 4 முட்டையும் போகின்றன. அடியில் தூளாக்கிய பிஸ்கட்டும் பட்டரும். மேற்பரப்பு எப்பொழுதும் ஈரம். தங்கும் இடம் பிரிஜ். இந்த ஈரமும் குளிரும்தான் டிசைனின் எதிரிகள்.

அண்மையில் ஒரு சகோதரி கேட்டார்: “நானா, படம் பிரிண்ட் பண்ணின ஷீட்ட சீஸ் கேக்குக்கு மேல வெச்சா கரையுதே, வேற நல்ல பிராண்ட் இல்லையா?”

“பிராண்டுல பிழை இல்ல தங்கச்சி. ஈரத்துல வெச்சா எந்த ஷீட்டும் அப்படித்தான்” என்றேன்.

அந்த ஷீட் காய்ந்த ஐசிங்குக்கு மேல் ஒட்டுவதற்காகச் செய்யப்பட்டது. சீஸ் கேக்கில் வைத்தால் சில மணித்தியாலங்களில் ஈரத்தை உறிஞ்சி நிறம் பரவும். மாப்பிள்ளையின் பெயர் பெண்ணின் பெயருக்குள் போய்விடும். ஃபொண்டன்ட் போர்த்துவதும் சரிவராது. பிரிஜ்ஜுக்குள் அது கசிந்து ஒட்டும், பாரத்தில் கேக்கும் அமிழும். ஆனால் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை ஸ்பொஞ் கேக்கில் ஃபொண்டன்ட் போட்டவை. “இது சீஸ் கேக்கில் வராது, இதே டிசைனை இப்படிச் செய்து தரலாம்” என்று ஓடர் எடுக்கும் போதே சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று தட்டு அடுக்கிக் கேட்பவர்களுக்கும் அப்படித்தான். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், உயரம் வேறான ஸ்டாண்ட்களில் தனித்தனியாக வைத்துக் கொடுங்கள்.

எனது அபிப்பிராயத்தில் இதற்கு உள்ள நல்ல வழி, டிசைனைக் கேக்கில் வரையாமல் சொக்லட் தகடாகத் தனியே செய்வதுதான். வேண்டிய படத்தை வெள்ளைத் தாளில் பிரிண்ட் எடுத்து, அதன் மேல் ஒயில் பேப்பரை விரித்து, கறுப்பு சொக்லட்டால் கோடுகளை இழுக்க வேண்டும். கோடு இறுகிய பின்னர் நிறம் சேர்த்த வெள்ளை சொக்லட்டை இடைவெளிகளில் நிரப்பி, கடைசியில் முழுவதற்கும் ஒரு படை ஊற்றி 3, 4 மில்லிமீற்றர் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆறியதும் புரட்டினால் தாளில் பட்டிருந்த பக்கம்தான் முகப்பு. எனவே எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போல் தலைகீழாகப் பிரிண்ட் எடுக்க வேண்டும். அரபு எழுத்தென்றால் இன்னும் கவனம் தேவை, புள்ளி ஒன்று இடம் மாறினால் சொல்லே மாறிவிடும்.

இதற்குக் கொம்பவுண்ட் சொக்லட் போதும். அசல் சொக்லட்டில் உள்ள கொக்கோ பட்டர் 34 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். அதைப் பதமாக்குவதற்கும் தனிப் பயிற்சி வேண்டும். கொம்பவுண்டில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதனால் உருக்கி ஊற்றினாலே இறுகும். நிறம் எண்ணெயில் கரையும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண தண்ணீர்க் கலரில் சில துளி விட்டாலே உருக்கிய சொக்லட் முழுவதும் திரண்டு மண் போலாகிவிடும். சொக்லட் வீணானதாகச் சொல்லி என்னிடம் வருபவர்களில் பாதிப்பேரின் பிரச்சினை இதுதான்.

தகட்டைப் பிரிஜ்ஜில் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். வீட்டில் குளிர்ச்சியான ஓரிடத்தில் வைத்திருந்து, கையளிக்கும் நேரத்தில் கேக்கின் மேல் வைத்தால் போதும். தகடு உடைந்தால் இன்னொன்று ஊற்றலாம். கேக்கிலேயே வரைந்து பிழைத்தால் கேக்கே போகும். ஓடர் கொடுத்த வீட்டாருக்கோ அந்த வைபவம் வாழ்நாளில் ஒரு முறை வருவது.

அவணில் சுட்ட சீஸ் கேக்கின் மேற்புறம் வெடிப்பது இன்னொரு தொல்லை. நடுப்பகுதி இலேசாக ஆடிக்கொண்டிருக்கும் போதே அவணை நிறுத்தி, கதவைச் சற்றுத் திறந்து வைத்து மெதுவாக ஆற விட்டால் வெடிப்பு குறையும். அதையும் மீறி வெடித்தால் சீனி கலந்த சவர் கிரீமைப் பூசி 5 முதல் 10 நிமிடம் மீண்டும் அவணில் வைத்தால் வெள்ளை வெளேரென்ற தளம் கிடைக்கும். தகடு வைப்பதற்கும் அது எடுப்பாக இருக்கும். ஸ்பெயினில் தொடங்கி இங்கேயும் பரவியிருக்கும் கருக்கிய சீஸ் கேக்குக்கு டிசைன் கேட்பவர்களும் இருக்கின்றார்கள். கருகலும் மேடு பள்ளமும்தான் அதன் அழகு. அதில் பெயர் எழுதுவது கூரை ஓட்டில் மருதாணி போடுவது போன்றது.

சுடாமல் இறுக வைக்கும் வகைக்கு ஜெலட்டின் தேவை. ஜெலட்டின் மாட்டிலிருந்தும் எடுக்கப்படும், பன்றியிலிருந்தும் எடுக்கப்படும், மீனிலிருந்தும் எடுக்கப்படும். பையில் எதிலிருந்து என்று இல்லாவிட்டால், ஹலால் சான்றிதழும் இல்லாவிட்டால் அந்தச் சரக்கைத் தொடாதீர்கள். நோன்பு காலத்தில் நாம் காய்ச்சும் கடற்பாசி இதற்கு நல்ல மாற்று. ஜெலட்டின் எமது வெயிலில் இளகிவிடும், ஒருமுறை இறுகிய கடற்பாசியோ 85 பாகை வரை உருகாது. அன்னாசி, பப்பாளி போன்ற பச்சைப் பழங்கள் ஜெலட்டினை இறுக விடமாட்டா, கடற்பாசிக்கு அந்தக் குறையும் இல்லை. ஆனால் அதை நன்றாகக் கொதிக்க வைத்தே கரைக்க வேண்டும். குளிர்ந்த கிரீம் சீஸில் ஊற்றினால் உடனே கட்டி கட்டியாகிவிடும் என்பதால், சீஸை முன்கூட்டியே வெளியில் எடுத்து வைக்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதனால் இதை உதாரணமாக மட்டும் பாருங்கள். 9 அங்குல கேக்கின் சாமான் 5,500 ரூபா, பெட்டி, போர்ட், மின்சாரம் 700, தகட்டுக்கு சொக்லட்டும் நிறமும் 600. மொத்தம் 6,800. சகோதரி 8,000 ரூபாவுக்குக் கொடுத்து 1,200 இலாபம் என்று சந்தோஷப்படுகின்றார். கேக்குக்கு 2 மணித்தியாலம், டிசைனுக்கு 4 மணித்தியாலம் வேலை செய்திருக்கின்றார். மணித்தியாலத்துக்கு 200 ரூபா. கட்டட வேலைக்கு உதவியாளாகப் போகிறவரும் இதைவிடக் கூட வாங்குகின்றார். 6 மணித்தியாலம் உழைத்தவருக்கு முதலில் வர வேண்டியது கூலி. இலாபம் அதற்குப் பிறகுதான். “வீட்டில் சும்மா இருக்கின்ற நேரம்தானே” என்று சில கணவன்மார் சொல்கின்றார்கள். தமது கடையில் நிற்கும் பையனுக்கு அப்படிச் சொல்லிச் சம்பளம் கொடுக்காமல் விடுவார்களா?

ஆகவே பில்லில் இரண்டு வரி எழுதுங்கள். கேக்கின் விலை அளவைப் பொறுத்தது, டிசைன் கூலி நேரத்தைப் பொறுத்தது. பெயர் மட்டும் என்றால் ஒரு கூலி, பல நிறப் படம் என்றால் வேறு. கூலி தனியாகத் தெரிந்தால் விலை பேசுபவர் டிசைனைக் குறைப்பார், கேக்கில் கைவைக்க மாட்டார். பாதிப் பணம் அட்வான்ஸ், டிசைனில் மாற்றம் மூன்று நாளைக்கு முன்னர் வரைக்கும்தான். பெயரை வாடிக்கையாளரே எழுதி அனுப்பட்டும். பாத்திமா என்பதை ஆங்கிலத்தில் வீட்டுக்கு வீடு வேறு விதமாக எழுதுகின்றார்கள், தொலைபேசியில் கேட்டு எழுதினால் வம்பு. குர்ஆன் வசனம் கேட்பவர்களிடம், வெட்டிச் சாப்பிடும் பண்டத்தில் வேண்டாம், தனி அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துத் தருகின்றேன் என்று சொன்னால் அநேகர் ஒத்துக்கொள்வார்கள். உயிருள்ள உருவங்களை விரும்பாத வீடுகளும் உண்டு. கேட்டுக்கொள்வது நல்லது.

சுட்ட சீஸ் கேக்கை நன்றாகச் சுற்றி உறைய வைத்தால் ஒரு மாதம் வரை தாங்கும் என்பதனால், பெருநாள் நெருக்கத்துக்கு முன்கூட்டியே செய்து வைக்கலாம். இதற்கு மின்சாரம் நம்பகமாக இருக்க வேண்டும். 2022 இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் உறைய வைத்த சரக்கு என்ன பாடுபட்டது என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

கொண்டுபோகும் போது ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் பக்கட்டுகளுடன் கேக்கையும், வேறொரு சிறு பெட்டியில் தகட்டையும் அனுப்புங்கள். வெளியே வைத்து 2 மணித்தியாலத்துக்குள் பரிமாறிவிட வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். வெட்டுவதற்கு முன்னர் தகட்டை எடுத்துவிட வேண்டும், கத்தியைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்து வெட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள். தகட்டைப் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.